டார்கெட்டைப் போட்டது யார்? தொழில் நிர்வாகமும் அறமும்: ஓர் எளிய அறிமுகம்

பி.காம்., பி.பி.ஏ. பாடத்திட்டங்களைப் புரட்டினால், வணிக அறம் பெரும்பாலும் கடைசி அலகாக இருக்கும். இல்லையென்றால் தனித் தாளாக ஒதுங்கி நிற்கும். திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஆளெடுப்பு, சந்தைப்படுத்தல் என்று எல்லாம் முடிந்த பிறகு நேர்மை, வெளிப்படைத்தன்மை, சமூகப் பொறுப்பு என்று சில பக்கங்கள். படிக்கிற பிள்ளைகள் மனதில் இதனால் ஒரு கோடு விழுந்துவிடுகிறது. நிர்வாகம் என்றால் வேலையை முடிக்கிற திறமை, அறம் என்றால் நல்ல மனிதராக இருப்பது, இரண்டும் வேறு வேறு சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கோடே தேவையில்லை என்பது என் கட்சி. ஒரு நிறுவனத்தில் தப்பு நடக்கிறதா இல்லையா என்பதை அங்கே வேலை பார்ப்பவர்களின் குணம் ஓரளவுக்குத்தான் தீர்மானிக்கிறது. மேலே இருப்பவர் என்ன டார்கெட் போட்டார், சம்பளத்தை எதோடு முடிச்சுப் போட்டார், தினமும் எந்த எண்ணைக் கேட்கிறார், கெட்ட செய்தி கொண்டுவருபவரை எப்படி நடத்துகிறார் என்பவை அதைவிட அதிகம் தீர்மானிக்கின்றன. இவை எல்லாமே நிர்வாக முடிவுகள். ஆகவே நிர்வாகத்தின் அடிப்படைகளைப் படிக்கும்போதே அறத்தையும் சேர்த்துப் படிப்பதுதான் சரி.

நிர்வாகியின் வேலை என்ன?

பிரான்சில் ஒரு சுரங்க நிறுவனத்தைப் பல ஆண்டுகள் தலைமையேற்று நடத்திய பொறியாளர் ஆன்றி ஃபயோல். ஒரு நிர்வாகி நாள் முழுக்க என்னதான் செய்கிறார் என்று யோசித்து, 1916-ல் அவர் ஐந்து வேலைகளைச் சொன்னார்: திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல். பின்னால் வந்தவர்கள் ஆணையிடலையும் ஒருங்கிணைத்தலையும் 'வழிநடத்தல்' என்று ஒன்றாக்கி நான்காகச் சுருக்கினார்கள். இன்றைக்கும் பெரும்பாலான பாடநூல்கள் இந்த நான்கில்தான் தொடங்குகின்றன.

பெயரைக் கேட்டால் பெரிதாகத் தெரியும். ஒரு சின்னத் தொழிலில் வைத்துப் பார்த்தால் எளிது. ஒருவர் இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, ஊரில் உள்ள மளிகைக் கடைகளுக்குக் கொடுக்கும் தொழில் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளை எத்தனை கிலோ மாவு போகும், அதற்கு இன்று எவ்வளவு அரிசி, உளுந்து ஊற வைக்க வேண்டும், கோடையில் மாவு சீக்கிரம் புளிக்கும் என்பதால் எத்தனை பாக்கெட்டைக் குறைக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது திட்டமிடல். அரைக்க யார், பாக்கெட் போட யார், வண்டி எடுக்க யார், யார் யாரிடம் கேட்டு நடக்க வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது ஒழுங்கமைத்தல். அதிகாலையில் வேலைக்கு வருபவர்களைச் சலிப்பில்லாமல் வேலை செய்ய வைப்பது, புதிதாக வந்தவருக்குப் பதம் பார்க்கக் கற்றுக்கொடுப்பது, இருவருக்குள் சண்டை வந்தால் தீர்த்து வைப்பது வழிநடத்தல். சாயங்காலம் எத்தனை பாக்கெட் விற்றது, எத்தனை திரும்பி வந்தது, ஏன் வந்தது என்று பார்த்து மறுநாளைக்குத் திருத்திக்கொள்வது கட்டுப்படுத்தல்.

இந்த நான்கில் ஆரம்ப மாணவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது கடைசியைத்தான். கட்டுப்படுத்தல் என்றதும் அதட்டல் மிரட்டல் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது அளப்பது, ஒப்பிடுவது, திருத்துவது. எதை அளக்கிறோம் என்பதுதான் இங்கே உயிர்நாடி.

மாவுக் கடைக்காரர் ஒரு நாள் ரிட்டர்ன் பாக்கெட்டுகளைப் பார்த்து எரிச்சலாகிறார். வண்டி ஓட்டும் தம்பியைக் கூப்பிட்டு, "இனிமேல் ரிட்டர்ன் வந்தால் அந்தக் காசு உன் கமிஷனில் பிடிப்பேன்" என்கிறார். கேட்பதற்கு நியாயமான கண்டிப்பு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்தத் தம்பியின் இடத்தில் நின்று பாருங்கள். மாவு உப்பிப் புளித்துப்போவது அவர் கையில் இல்லை. வெயில், கடைக்காரரின் பழைய ஃபிரிட்ஜ், மின்வெட்டு, எத்தனை பாக்கெட் அனுப்புவது என்று முதலாளி போட்ட கணக்கு, இவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. அவர் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: பாக்கெட்டில் குத்தியிருக்கும் தேதி. பழைய பாக்கெட்டின் தேதியைத் தின்னர் தொட்டுத் துடைத்துவிட்டுப் புதுத் தேதி குத்துவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அடுத்த வாரம் ரிட்டர்ன் பாதியாகக் குறைகிறது. முதலாளி மகிழ்ச்சியடைகிறார். யாரோ ஒரு வீட்டில் ஒரு குழந்தைக்கு வயிற்றைக் கலக்குகிறது.

தேதியை மாற்றியது தப்பா? தப்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தப்புக்கான வழியை வெட்டிக் கொடுத்தவர் முதலாளி. அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை. பொய் சொன்னால்தான் முழுச் சம்பளம் என்கிற நிலையை மட்டும் உண்டாக்கினார்.

சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் 1975-ல் பணக் கொள்கை பற்றிப் பேசும்போது கவனித்துச் சொன்ன ஒன்று, இன்று நிர்வாகப் பாடமாகவே ஆகிவிட்டது. அதன் சாரம் இதுதான்: ஓர் அளவுகோலை இலக்காக மாற்றிவிட்டால், அது அளவுகோலாக இருக்கும் தகுதியை இழந்துவிடும். ரிட்டர்ன் பாக்கெட்டின் எண்ணிக்கை மாவின் தரத்தைக் காட்டும் நல்ல அளவுகோல்தான். அதில் ஒருவரின் சோற்றைக் கட்டிவிட்ட நிமிடத்திலிருந்து அது எதையும் காட்டாது.

வெல்ஸ் ஃபார்கோ: எட்டு என்ற எண்

இதே கதை அமெரிக்காவின் மிகப் பெரிய வங்கிகளில் ஒன்றில் நடந்தது. வெல்ஸ் ஃபார்கோ 1852-ல் தொடங்கிய வங்கி. 2008 நிதி நெருக்கடியில் பல வங்கிகள் அடிவாங்கியபோது, இது நிதானமான, கட்டுப்பாடான வங்கி என்று பேர் வாங்கியது. அதன் வளர்ச்சிக்கு ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள். ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவரிடமே இன்னொரு சேவையை விற்பது. சேமிப்புக் கணக்கு இருந்தால் டெபிட் கார்டு, அப்புறம் கிரெடிட் கார்டு, ஆன்லைன் வங்கிச் சேவை, கடன் என்று. புது வாடிக்கையாளரைத் தேடிப் பிடிப்பதைவிட இது செலவு குறைவு. வியாபார ரீதியாக யோசனையில் ஒரு குறையும் இல்லை.

ஒரு வாடிக்கையாளர் குடும்பத்துக்கு எட்டு சேவைகள் என்பது இலக்கு. ஏன் எட்டு? ஆங்கிலத்தில் எட்டைக் குறிக்கும் 'எய்ட்' என்ற சொல் 'கிரேட்' என்பதோடு எதுகையாக ஒலிக்கிறது என்பதுதான் காரணம் என்று வங்கியின் ஆண்டறிக்கையிலேயே தலைமைச் செயல் அதிகாரி ஜான் ஸ்டம்ப் எழுதினார். ஒரு சராசரிக் குடும்பத்துக்கு எத்தனை வங்கிச் சேவை தேவைப்படும் என்ற ஆய்விலிருந்து வந்த எண் என்று அவர் சொல்லவில்லை. திட்டமிடல் என்ற முதல் படியிலேயே இலக்குக்கும் நிஜத்துக்கும் தொடர்பு அறுந்துபோனது இப்படித்தான்.

அந்த எட்டு மேலிருந்து கீழே இறங்கி வந்தது. வட்டாரத்துக்கு ஒரு டார்கெட், கிளைக்கு ஒரு டார்கெட், கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் ஊழியருக்குத் தினசரி டார்கெட். ஜனவரி மாதத்தில் தனியாக விற்பனைப் போட்டியே நடந்தது. எட்டாத கிளைகளின் மேனேஜர்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கிளை ஊழியர் பெரிய சம்பளக்காரர் இல்லை. வேலை போனால் அடுத்த மாத வாடகை இடிக்கும். அவர் எதிரில் வந்து உட்காரும் வாடிக்கையாளரோ, "எனக்கு ஒரு கணக்கு போதும்மா" என்கிற சாதாரண மனிதர்.

அப்புறம் என்ன நடக்கும்? வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்கு திறந்தார்கள். உண்மையான கணக்கிலிருந்து கொஞ்சம் பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றிக் காட்டினார்கள். டெபிட் கார்டு வாங்கி, அதற்கான ரகசிய எண்ணையும் (PIN) தாங்களே போட்டார்கள். வாடிக்கையாளருக்குத் தகவல் போய்விடாமல் இருக்க, வங்கியின் பெயரிலேயே போலி மின்னஞ்சல் முகவரிகளைப் பதிவு செய்தார்கள். கேட்காத கணக்குக்குக் கட்டணம் பிடிக்கப்பட்டபோதுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது.

2013-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் இதை விரிவாக எழுதியது. 2015-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர நிர்வாகம் வழக்குப் போட்டது. 2016 செப்டம்பரில் வங்கி 18.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அப்போது வெளியான கணக்கில், அனுமதியில்லாமல் திறந்திருக்கக்கூடிய கணக்குகளும் கார்டுகளும் சேர்ந்து சுமார் 20 லட்சம். மறு ஆண்டு அந்த எண் 35 லட்சமாக உயர்ந்தது. இந்தப் பழக்கம் 2002-லிருந்தே இருந்தது என்று பிற்பாடு அமெரிக்க நீதித் துறையின் ஆவணங்கள் கூறின.

எனக்கு இந்த வழக்கில் மிகவும் முக்கியமாகப் படுவது வேறோர் எண். ஐந்து ஆண்டுகளில் சுமார் 5,300 ஊழியர்கள் இதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். பெரும்பாலானோர் கிளைகளின் கீழ்நிலையில் இருந்தவர்கள். தவறு செய்பவர்களைக் கண்டுபிடித்து நீக்குகிறோம், ஆகவே எங்கள் கட்டுப்பாடு வேலை செய்கிறது என்பதுதான் நிர்வாகத்தின் தோரணை. ஒரே மாதிரித் தப்பை ஆயிரக்கணக்கான பேர், ஒருவரையொருவர் தெரியாமல், வெவ்வேறு ஊர்களில் செய்கிறார்கள் என்றால், கெட்ட ஆட்களாகப் பார்த்து வேலைக்கு எடுத்துவிட்டோம் என்று சொல்ல முடியுமா? அந்த 5,300 பேருக்கும் பொதுவாக இருந்தது டார்கெட் ஒன்றுதான்.

ஃபயோல் சொன்ன பதினான்கு கொள்கைகளில் ஒன்று, அதிகாரமும் பொறுப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது. இலக்கு வைக்கும் அதிகாரம் மேலே, இலக்கு தவறினால் பொறுப்பு கீழே என்று பிரிந்துவிட்டால் நிர்வாகம் தப்பாகப் போகிறது என்று அர்த்தம். நூறு வருஷத்துக்கு முந்தைய இந்தக் கொள்கையை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறோம். அது அறத்தைப் பற்றிய கொள்கையும்கூட என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

கணக்கை முடித்துவிடுவோம். ஸ்டம்ப் 2016 அக்டோபரில் பதவி விலகினார். 2020-ல் அவருக்குத் தனிப்பட்ட முறையில் 1.75 கோடி டாலர் அபராதமும், வங்கித் தொழிலில் இருக்க வாழ்நாள் தடையும் வந்தன. அதே ஆண்டு வங்கி 300 கோடி டாலர் கட்டி அரசுடன் சமரசம் செய்துகொண்டது. 2018-ல் அமெரிக்க மத்திய வங்கி, இதன் சொத்து மதிப்பு சுமார் 1.95 லட்சம் கோடி டாலரைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியது. 2025 ஜூனில்தான் அந்த வரம்பு நீங்கியது. அந்தப் போலிக் கணக்குகளில் பிடித்த கட்டணம் என்று வங்கி முதலில் திருப்பிக் கொடுத்த தொகையோ சுமார் 26 லட்சம் டாலர். வங்கிக்கு இதில் கொழுத்த வருமானம்கூட இல்லை. எண்ணைக் காட்ட வேண்டும் என்பதற்காகவே நடந்த வேலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புகார் சொல்ல அங்கே வழி இல்லாமல் இல்லை. ஊழியர்கள் அழைத்துச் சொல்வதற்கென்றே அறநெறித் தொலைபேசி எண் இருந்தது. அதில் புகார் சொன்ன பிறகு வேலை இழந்ததாகச் சில ஊழியர்கள் வெளியே வந்து பேசினார்கள். முறைகேட்டைத் தெரிவித்த ஒரு மேலாளரைத் திரும்ப வேலையில் சேர்த்து 54 லட்சம் டாலர் கொடுக்கும்படி 2017-ல் அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு உத்தரவிட்டது. சுவரில் ஒட்டிய எண் முக்கியமில்லை. முதலில் அதைச் சுழற்றியவருக்கு என்ன ஆனது என்பதைத்தான் மற்ற ஊழியர்கள் கவனிப்பார்கள்.

மதுரையில் நடந்த வேறொரு எண்ணிக்கை

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் டார்கெட்டே வேண்டாமா?" என்று கேட்டால், வேண்டும் என்பதே பதில். எண்ணிக்கையை வெறிகொண்டு துரத்திய ஒரு நல்ல நிறுவனம் நம் ஊரிலேயே இருக்கிறது.

டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு மருத்துவப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களால் அறுவை சிகிச்சைக் கத்தியைப் பிடிக்கத் தன்னைப் பழக்கிக்கொண்டவர். கண்புரையால் பார்வை போனவர்கள் நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கும்போது, ஒரு நாளைக்கு நாலைந்து அறுவை சிகிச்சை என்று போனால் எந்தக் காலத்தில் முடிப்பது என்பதுதான் அவர் முன்னால் இருந்த கேள்வி. ஆகவே எண்ணிக்கை கூடியாக வேண்டும்.

எப்படிக் கூட்டினார்கள் என்பதில்தான் நிர்வாகப் பாடம் இருக்கிறது. அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு அருகருகே இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அவர் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளியைத் தயார் செய்து வைப்பார்கள். ஒன்று முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியோடு அடுத்த பக்கம் திரும்பினால் போதும். சொட்டு மருந்து விடுவது, பார்வை அளப்பது, நோயாளியைத் தயார்படுத்துவது போன்ற வேலைகளை, கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். மருத்துவரால் மட்டுமே செய்யக்கூடியதை மட்டும் மருத்துவர் செய்வார். வேலைப் பகிர்வு என்று பாடநூலில் வருவதன் சுத்தமான வடிவம் இது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வாங்கினால் ஏழைக்குக் கட்டுப்படியாகாது என்று 1992-ல் ஆரோலேப் என்ற அமைப்பைத் தொடங்கித் தாங்களே தயாரித்து, விலையைப் பல மடங்கு குறைத்தார்கள்.

பணம் கொடுக்க முடிந்தவர் கொடுக்கிறார், முடியாதவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை நடக்கிறது. கட்டணம் கட்டுபவர்களிடமிருந்து வருவதில் மருத்துவமனை ஓடுகிறது. இரண்டு பிரிவுக்கும் அதே மருத்துவர்கள் மாறி மாறிப் போகிறார்கள். கட்டணப் பிரிவில் அறை வசதி கூடுதலாக இருக்கும். கண்ணில் கை வைக்கும் மருத்துவர் அவரேதான்.

வெல்ஸ் ஃபார்கோவோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் எண்ணிக்கைதான் பேச்சு. ஆனால் அரவிந்தில் மருத்துவர்களுக்கு மாதச் சம்பளம். தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு இல்லை. தேவையில்லாத கண்ணில் கத்தி வைக்கத் தூண்டுதல் இல்லை. எத்தனை அறுவை சிகிச்சை என்பதோடு, அவற்றில் எத்தனையில் சிக்கல் வந்தது என்பதும் பதிவாகி, ஆய்வுக்கு வருகிறது. வேகம் கூடித் தரம் இறங்கினால் இரண்டாவது எண் உடனே காட்டிக்கொடுத்துவிடும். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு நான் ஒரே ஒரு நடைமுறை ஆலோசனை சொல்ல வேண்டுமானால் இதையே சொல்வேன்: எந்த டார்கெட்டையும் தனியாகப் போடாதீர்கள், அதைக் காவல் காக்கும் இன்னோர் எண்ணைப் பக்கத்திலேயே வையுங்கள். விற்பனை எண்ணுக்குப் பக்கத்தில் புகார் எண், உற்பத்தி எண்ணுக்குப் பக்கத்தில் விபத்து எண், வசூல் எண்ணுக்குப் பக்கத்தில் விட்டுப்போன வாடிக்கையாளர் எண்.

அரவிந்த் கற்றுக்கொண்ட இன்னொரு பாடமும் உண்டு. சிகிச்சை இலவசம் என்று அறிவித்தும் கிராமத்திலிருந்து பலர் வரவில்லை. பஸ் காசு, கூட வருபவரின் கூலி இழப்பு, பட்டணத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற பயம், இவை எல்லாம் குறுக்கே நின்றன. அப்புறம்தான் கிராமத்தில் நடத்தும் கண் பரிசோதனை முகாமிலிருந்தே வண்டியில் அழைத்து வந்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விடும் ஏற்பாடு வந்தது. நல்லெண்ணம் இருந்தால் மட்டும் போதாது, அது போய்ச் சேர நிர்வாகமும் வேண்டும். அறத்துக்கு நிர்வாகம் தேவைப்படும் இந்தப் பக்கத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

லாபம் யாருக்காக?

1970-ல் அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் ஒரு கட்டுரையில், லாபத்தைப் பெருக்குவதே வணிகத்தின் சமூகப் பொறுப்பு என்று வாதிட்டார். லாபத்தை மட்டும் பார் என்று சொல்பவர்கள் எல்லாரும் இன்றுவரை அவரைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். ஆனால் விதிகளுக்கு உட்பட்டு, ஏமாற்றும் மோசடியும் இல்லாமல் என்ற நிபந்தனையை அவர் அதே இடத்தில் வைத்திருக்கிறார். அதை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுவதே ஒரு மோசடிதான்.

எதிர்த்தரப்பு வாதம், ஒரு நிறுவனத்தால் பாதிக்கப்படும் எல்லாத் தரப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது. பங்கு வைத்திருப்பவர், ஊழியர், வாடிக்கையாளர், சரக்குக் கொடுப்பவர், ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர், எல்லாரும் இதில் அடக்கம். எட்வர்ட் ஃப்ரீமன் 1984-ல் இதை ஒரு கோட்பாடாக வளர்த்தார். எனக்கு இது சரியாகப் படுகிறது. ஆனால் எல்லாருக்கும் பொறுப்பு என்று சொல்லிவிட்டு யாருக்கும் பதில் சொல்லாமல் தப்பிக்கவும் இதில் வழி உண்டு என்பதை மறக்கக் கூடாது.

மேலே இருப்பவரை யார் பார்ப்பது?

கட்டுப்படுத்தல் என்றால் மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்ப்பது என்றே பழகியிருக்கிறோம். தலைவரே தப்பு செய்தால்? இதற்காகத்தான் இயக்குநர் குழு, சுயேச்சை இயக்குநர்கள், வெளித் தணிக்கையாளர் எல்லாம் இருக்கிறார்கள். இந்த ஏற்பாடு எப்படித் தோற்கும் என்பதற்கு சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் நம் நாட்டு உதாரணம். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டியிருந்த ரொக்கமும் வங்கி இருப்பும் பெருமளவு பொய் என்று கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். இல்லாத தொகை 5,040 கோடி ரூபாய். இயக்குநர் குழுவில் பேர்பெற்ற கல்வியாளர்கள் இருந்தார்கள், பன்னாட்டுத் தணிக்கை நிறுவனம் கையெழுத்துப் போட்டிருந்தது. சில மாதங்களுக்கு முன்புதான் நல்ல நிர்வாகத்துக்கான விருதுகூட அந்த நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. வங்கியில் பணம் இருக்கிறதா என்பதை வங்கியிடமே நேரடியாகக் கேட்டு உறுதிப்படுத்தியிருந்தால் முன்பே வெளிவந்திருக்கும். பெயரும் விருதும் சரிபார்ப்புக்கு மாற்று ஆகாது. 2013-ல் வந்த புதிய கம்பெனிகள் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் தணிக்கையாளரைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், முறைகேட்டைத் தெரிவிக்கப் பாதுகாப்பான வழி வைக்க வேண்டும் என்றெல்லாம் கட்டாயமாக்கியது.

சட்டம் சொல்லாததும் உண்டு

சட்டப்படி சரி என்பதும் நியாயம் என்பதும் ஒன்றா? பல நேரம் ஒன்றுதான். சில நேரம் சட்டம் பின்தங்கியிருக்கும். சில நேரம் சட்டம் இருந்தும் அதைப் பயன்படுத்தச் சிறியவருக்குத் தெம்பு இருக்காது. இதில் நம்மூர்த் தொழில்களுக்கு மிக நெருக்கமான ஒன்றை மட்டும் பார்ப்போம்: சரக்குக் கொடுத்தவருக்குப் பணம் கொடுப்பது.

திருப்பூரிலோ கோவையிலோ பெரிய நிறுவனங்களுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் ஒரு ஜாப் வொர்க் யூனிட் நடத்துபவரைக் கேட்டுப் பாருங்கள். சரக்கை நாள் தவறாமல் கொடுத்தாக வேண்டும். பணம் மட்டும் "பார்ட்டியிடமிருந்து வந்ததும் தருகிறோம்" என்று 90, 120 நாள் இழுக்கும். அதற்குள் அவர் வாரக் கூலி போட வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும், கந்துவட்டிக்கு வாங்கியாவது ஓட்ட வேண்டும். பெரிய நிறுவனம் இதை 'நடைமுறை மூலதனத்தைச் சிறப்பாகக் கையாள்வது' என்று தன் அறிக்கையில் பெருமையாக எழுதிக்கொள்ளும். உண்மையில் அது சிறியவரிடம் வட்டியில்லாமல் வாங்கிய கடன், அதுவும் கேட்காமல் வாங்கிய கடன்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கான பணத்தை ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக. ஆனால் வட்டி கேட்டு நோட்டீஸ் அனுப்பினால் அடுத்த ஆர்டர் வருமா என்ற பயத்தில் யாரும் லேசில் அனுப்புவதில்லை. இப்போது வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிடி வைத்திருக்கிறார்கள்: கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கிற ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். தாமதித்தால் வாங்குபவருக்கு அந்த ஆண்டு வரி கூடும். சிறியவர் வாய் திறக்காமலேயே பெரியவருக்கு உறைக்கிற ஏற்பாடு இது. உபதேசத்தைவிட, முடிவெடுப்பவரின் கணக்கில் போய் உட்காரும் விதி நன்றாக வேலை செய்யும் என்பதற்கு இது ஓர் அடையாளம்.

நீங்கள் வாங்கும் பக்கத்தில் இருந்தால், இதை உங்கள் நிறுவனத்தில் செய்து பார்க்கச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பல அலுவலகங்களில் யார் போன் போட்டுச் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் பில்தான் முதலில் நகரும். அமைதியாக இருக்கும் சின்ன சப்ளையரின் பில் அடியில் கிடக்கும். கொடுக்க வேண்டிய பாக்கிகளைக் கணக்கு மென்பொருளில் பில் தேதி வாரியாக அடுக்குங்கள். குறு, சிறு நிறுவனம் என்று பதிவு பெற்றவர்களைத் தனியாகக் குறியுங்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் 30 நாளைத் தாண்டியவை எத்தனை என்ற ஒரு எண், வசூல் எண்ணோடு சேர்ந்தே முதலாளியின் மேசைக்கு வரட்டும். அந்த எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கணக்கரா, பணத்தை நிறுத்தி வைக்கச் சொன்னவரா என்பதையும் பெயர் போட்டு எழுதிவிடுங்கள்.